விசிரன்டைம்140_1.டிஎல்எல் இல்லை என்கிறது: வேறு கணினிக்குக் கொடுத்த நிரல் திறக்கவில்லை

#1 — கீற்று

விஷுவல் ஸ்டுடியோ 2022-இல் எழுதிய சி++ நிரல். 64-பிட், ரிலீஸ் பில்ட். எக்ஸி கோப்பையும் ஒரு வெளியார் நூலகத்தின் டிஎல்எல்லையும் (நிரல் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பு) ஜிப் செய்து தருகிறோம். உருவாக்கிய கணினியில் ஒரு சிக்கலும் இல்லை. மற்ற கணினிகளில் திறந்தவுடன் “விசிரன்டைம்140_1.டிஎல்எல் கிடைக்கவில்லை” என்று பெட்டி வருகிறது. சிலவற்றில் எம்எஸ்விசிபி140.டிஎல்எல்லையும் சேர்த்துக் கேட்கிறது.

இரண்டையும் ஒரு டிஎல்எல் தளத்திலிருந்து இறக்கி எக்ஸி பக்கத்தில் வைத்தால் அந்தப் பெட்டி போய், “நிரலைச் சரியாகத் தொடங்க முடியவில்லை (0எக்ஸ்சி000007பி)” வருகிறது. எல்லாமே விண்டோஸ் 10 அல்லது 11.

புரியாத இன்னொன்று: சில கணினிகளில் விசிரன்டைம்140.டிஎல்எல் ஏற்கெனவே சிஸ்டம்32-இல் இருக்கிறது. _1 மட்டும் இல்லை. அது எப்படி?

#2 — பைட்பொறுக்கி

முதல் வேலை: இறக்கிய இரண்டு கோப்புகளையும் அழியுங்கள். அந்தத் தளங்களில் எந்தப் பதிப்பு, எத்தனை பிட், யார் கைவைத்தது என்று எதற்கும் உத்தரவாதம் இல்லை.

_1 கதை இதுதான். விஷுவல் ஸ்டுடியோ 2019 காலத்தில் 64-பிட் நிரல்களுக்கு எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) கையாளும் முறையை மாற்றினார்கள். எக்ஸி-க்குள் எழுதப்படும் எக்ஸெப்ஷன் அட்டவணையின் அளவைக் குறைக்கத்தான் அந்த மாற்றம். புதிய முறைக்கு ஒரு புதிய செயல்கூறு தேவை; அதைப் பழைய கோப்பில் சேர்க்காமல் விசிரன்டைம்140_1 என்று தனிக் கோப்பாக வைத்தார்கள். 2015 அல்லது 2017-இன் ரீடிஸ்ட் (இந்த டிஎல்எல்களை நிறுவும் மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) மட்டும் ஏறிய கணினியில் 140 இருக்கும், _1 இருக்காது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இப்போது சி000007பி. 64-பிட் நிரலுக்குள் 32-பிட் டிஎல்எல் நுழைந்தால் பெரும்பாலும் இந்த எண்தான் வரும். 32-பிட் நிரல்களுக்கு _1 என்ற கோப்பே கிடையாது. ஆகவே குற்றவாளி அநேகமாக நீங்கள் இறக்கிய எம்எஸ்விசிபி140தான். டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்டில் “டம்ப்பின் /ஹெடர்ஸ்” கொடுத்து அந்தக் கோப்பைப் பாருங்கள். மேலேயே “8664 மெஷின்” என்று வந்தால் 64-பிட், “14சி மெஷின்” என்று வந்தால் 32-பிட்.

இதே குழப்பம் கோப்புறைப் பெயரிலும் உண்டு. 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32-இல் இருப்பவை 64-பிட் கோப்புகள். சிஸ்வாவ்64-இல் இருப்பவை 32-பிட் கோப்புகள். பெயரைப் பார்த்து எடுத்தால் தலைகீழாகத்தான் எடுப்பீர்கள்.

#3 — சுத்தியல்

வைக்க வேண்டியது விசி_ரீடிஸ்ட்.எக்ஸ்64.எக்ஸி. மைக்ரோசாஃப்ட் பக்கத்திலிருந்து எடுத்து ஒருமுறை ஓட்டினால் மூன்று கோப்புகளும் சரியான இடத்தில் உட்காரும்.

எந்த எண்ணுக்கு எந்தத் தொகுப்பு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கோப்புப் பெயரில் 90 என்றால் 2008, 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரீடிஸ்ட். ஒன்று இன்னொன்றுக்கு உதவாது. 140 என்றால் 2015, 2017, 2019, 2022 நான்குக்கும் ஒரே தொகுப்பு. நான்கையும் வரிசையாகப் போடச் சொல்லும் வழிகாட்டிகளைப் பொருட்படுத்தாதீர்கள்.

ஒரு விதி உண்டு. கணினியில் இருக்கும் ரீடிஸ்ட், நிரலை உருவாக்கிய கருவித்தொகுப்பின் (கம்பைலர், லிங்கர் முதலியவை) பதிப்புக்குச் சமமாகவோ அதைவிடப் புதிதாகவோ இருக்க வேண்டும். நிரலில் பல டிஎல்எல்கள் இருந்தால் அவற்றில் எது புதிய கருவியில் உருவானதோ அதுதான் கணக்கு.

மற்றொன்று: ரீடிஸ்டின் பிட் உங்கள் நிரலைப் பொறுத்தது, கணினியைப் பொறுத்ததல்ல. 32-பிட் நிரலை 64-பிட் விண்டோஸில் ஓட்டினாலும் எக்ஸ்86 ரீடிஸ்ட்தான் வேண்டும்.

#4 — மெய்நிகர்

எது தேவை என்று ஊகிக்க வேண்டாம், எக்ஸியையே கேட்கலாம்:

டம்ப்பின் /டிபென்டென்ட்ஸ் செயலி.எக்ஸி

எம்எஸ்விசிபி140.டிஎல்எல்
விசிரன்டைம்140.டிஎல்எல்
விசிரன்டைம்140_1.டிஎல்எல்
ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி-ரன்டைம்-எல்1-1-0.டிஎல்எல்
ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி-ஹீப்-எல்1-1-0.டிஎல்எல்
கெர்னல்32.டிஎல்எல்

முதல் மூன்றும் ரீடிஸ்ட் தருபவை. கெர்னல்32 விண்டோஸுடையது. நடுவில் “ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி” என்று தொடங்குபவை யுனிவர்சல் சிஆர்டி, அதாவது சி மொழியின் அடிப்படை ரன்டைம் நூலகம். விண்டோஸ் 10 முதல் அது இயங்குதளத்திலேயே உண்டு, கவலை வேண்டாம். விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் மட்டும் கேபி2999226 என்ற புதுப்பிப்பு வழியாக வரும். விண்டோஸ் 7-இல் சர்வீஸ் பேக் 1 இல்லையென்றால் அது ஏறாது, ரீடிஸ்ட் நிறுவலே 0எக்ஸ்80240017 என்று சொல்லி நின்றுவிடும்.

இந்தக் கட்டளை ஒரு படி மட்டும்தான் காட்டும். எக்ஸி கேட்கும் டிஎல்எல் வேறு எதைக் கேட்கிறது என்று காட்டாது. உங்கள் வெளியார் டிஎல்எல் மேலும் தனியாக ஓட்டிப் பாருங்கள். முழு மரமாகப் பார்க்க “டிபென்டன்சீஸ்” என்ற திறமூலக் கருவி இருக்கிறது. பழைய டிபென்டன்சி வாக்கரை விண்டோஸ் 10-இல் திறந்தால் “ஏபிஐ-எம்எஸ்-வின்” பெயர்களை எல்லாம் காணோம் என்று சிவப்பாகக் காட்டும். அவை உண்மையான கோப்புப் பெயர்கள் அல்ல, விண்டோஸ் உள்ளுக்குள் வேறு கோப்புக்குத் திருப்பிவிடும் பெயர்கள். அந்தச் சிவப்பை நம்பி ஓடினால் வீண் அலைச்சல்.

#5 — கீற்று

நன்றி. எம்எஸ்விசிபி140 “14சி மெஷின்” என்றே வந்தது. ரீடிஸ்ட் போட்ட கணினிகளில் இப்போது திறக்கிறது.

இரண்டு சிக்கல் பாக்கி. ஒன்று, பயனர் ஒவ்வொருவரையும் ரீடிஸ்டைத் தனியாகப் போடச் சொல்ல முடியாது. சிலருக்கு அட்மின் உரிமையும் இல்லை. அவர்களுக்காக வேறொரு கணினியின் சிஸ்டம்32-இலிருந்து மூன்று கோப்புகளையும் எடுத்து எக்ஸி பக்கத்தில் வைத்தோம். திறக்கிறது. ஆனால் பெரிய கோப்பை ஏற்றத் தொடங்கியதும் பெட்டி எதுவும் காட்டாமல் மூடிக்கொள்கிறது. இரண்டு, அதே ஜிப்பை ரீடிஸ்ட் போட்ட கணினியில் ஓட்டினாலும் மூடிக்கொள்கிறது. ரீடிஸ்ட் இருந்தும் ஏன்?

#6 — மெய்நிகர்

ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் > அப்ளிகேஷன் போங்கள். “அப்ளிகேஷன் எரர்”, நிகழ்வு எண் 1000 என்று ஒரு பதிவு இருக்கும். அதில் பிழை வந்த மாட்யூலின் பெயர், பதிப்பு, பாதை, எக்ஸெப்ஷன் எண் நான்கையும் இங்கே போடுங்கள். கூடவே உங்கள் விஷுவல் ஸ்டுடியோ 2022 எந்தப் பதிப்பு என்றும் சொல்லுங்கள்.

#7 — நிறுவி_ஆள்

அது வரும்வரை நிறுவி பக்கம். ரீடிஸ்டை உங்கள் நிறுவிக்குள்ளேயே வைத்துச் சத்தமில்லாமல் ஓட்டுங்கள்:

விசி_ரீடிஸ்ட்.எக்ஸ்64.எக்ஸி /இன்ஸ்டால் /குயட் /நோரீஸ்டார்ட்

திரும்பி வரும் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். 0 என்றால் ஏறிவிட்டது. 3010 என்றால் ஏறிவிட்டது, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். 1638 என்றால் இதைவிடப் புதிய பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. இந்த 1638-ஐத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மொத்த நிறுவலையும் ரத்து செய்யும் நிறுவிகள் ஏராளம். அது வெற்றிதான்.

இன்னோ செட்டப் (நிறுவி உருவாக்கும் கருவி) என்றால் பெரும்பாலோர் [ரன்] பகுதியில் ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். அங்கே திரும்பி வரும் எண்ணை நீங்கள் பார்க்கவே முடியாது. தவிர, [ரன்] பகுதி உங்கள் கோப்புகள் எல்லாம் ஏறிய பிறகுதான் ஓடும். ப்ரிபேர்டுஇன்ஸ்டால் செயல்கூறில் ரீடிஸ்டைத் தற்காலிகக் கோப்புறைக்குப் பிரித்து, எக்ஸெக் மூலம் ஓட்டி, எண்ணைச் சரிபாருங்கள். 3010 வந்தால் நீட்ஸ்ரீஸ்டார்ட்டை ட்ரூ ஆக்கி, கூடவே ஒரு செய்தியையும் திருப்பி அனுப்புங்கள். வேறு எண் வந்தால் அங்கிருந்தே பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பலாம். நிறுவல் பாதியில் தொங்காமல் தொடக்கத்திலேயே நிற்கும்.

ஏற்கெனவே இருந்தால் ஓட்டாமல் விடலாம். பதிவகத்தில்:

எச்கேஎல்எம் \ சாஃப்ட்வேர் \ மைக்ரோசாஃப்ட் \ விஷுவல்ஸ்டுடியோ \ 14.0 \ விசி \ ரன்டைம்ஸ் \ எக்ஸ்64

இங்கே “இன்ஸ்டால்ட்” 1 என்று இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, மேஜர், மைனர், பிஎல்டி மூன்று எண்களையும் உங்களுக்குத் தேவையானவற்றோடு ஒப்பிடுங்கள். “வெர்ஷன்” என்ற சரத்தை நேரடியாக ஒப்பிடாதீர்கள். அதன் முன்னால் ‘வி’ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், எண் ஒப்பீடு கெட்டுவிடும். உங்கள் நிறுவி 32-பிட் என்றால் பதிவகத்தை வாசிக்கும்போது வாவ்6432நோட் கிளைக்குத் திருப்பிவிடப்படும். இன்னோவில் எச்கேஎல்எம்64 என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வம்பில்லை.

ஆர்ம்64 கணினிகளும் உங்கள் பயனர்களிடம் இருந்தால் எக்ஸ்64 ரீடிஸ்டே ஆர்ம்64 கோப்புகளையும் சேர்த்து வைக்கும். எக்ஸ்86-ஐ வைக்காது.

#8 — கீற்று

மாட்யூல்: எம்எஸ்விசிபி140.டிஎல்எல். பதிப்பு 14.29 என்று தொடங்குகிறது. பாதை நம் எக்ஸி இருக்கும் கோப்புறை. எக்ஸெப்ஷன் சி0000005. விஷுவல் ஸ்டுடியோ 17.10.

#9 — மெய்நிகர்

எதிர்பார்த்ததுதான்.

17.10-இல் (கருவித்தொகுப்பு 14.40) எஸ்டிடி::மியூடெக்ஸின் (த்ரெட்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் பூட்டு) கன்ஸ்ட்ரக்டரை கான்ஸ்ட்எக்ஸ்பர் (கம்பைல் செய்யும்போதே முடிக்கக்கூடியது) ஆக்கினார்கள். அதுவரை மியூடெக்ஸைத் தயார் செய்யும் வேலையை எம்எஸ்விசிபி140-க்குள் இருக்கும் குறிமுறை செய்தது. இப்போது உங்கள் எக்ஸி-க்குள்ளேயே அது முடிந்துவிடுகிறது, டிஎல்எல்லைக் கூப்பிடுவதே இல்லை. புதிய டிஎல்எல்லுக்கு இது தெரியும். 14.29 என்பது விஷுவல் ஸ்டுடியோ 2019 காலத்து டிஎல்எல், அதற்குத் தெரியாது. மியூடெக்ஸைப் பூட்டப் போகும்போது “யாரோ முன்பே தயார் செய்திருப்பார்கள்” என்று நம்பி உள்ளே ஒரு சுட்டியைத் தொடர்கிறது. அங்கே பூஜ்யம்தான் இருக்கிறது. நிரல் விழுகிறது.

திறக்கும்போது விழாமல் கோப்பை ஏற்றும்போது மட்டும் விழுவதற்குக் காரணம், பின்னணி த்ரெட் தொடங்கி முதல் முறை லாக் கேட்பது அங்கேதான்.

ரீடிஸ்ட் இருந்தும் ஏன் என்றீர்கள். டிஎல்எல்லைத் தேடும் வரிசையில் எக்ஸி இருக்கும் கோப்புறை முதலில், சிஸ்டம்32 அதற்குப் பிறகு, பாத் மாறியில் உள்ளவை கடைசியில். பக்கத்திலேயே 14.29 இருக்கும்போது சிஸ்டம்32-இல் உள்ள புதியதை விண்டோஸ் எட்டிக்கூடப் பார்க்காது. “டிஎல்எல் இல்லை” என்பது குறைந்தபட்சம் பெயரைச் சொல்லி அழும். பழைய டிஎல்எல் பேசாமல் கொல்லும். எனவே இருப்பதிலேயே மோசமான வழி வேறு கணினியின் சிஸ்டம்32-இலிருந்து கோப்பு எடுப்பது.

தற்காலிகமாகத் தப்பிக்கும் வழி ஒன்று உண்டு: _டிசேபிள்_கான்ஸ்ட்எக்ஸ்பர்_மியூடெக்ஸ்_கன்ஸ்ட்ரக்டர் என்ற மேக்ரோவை எல்லா மூலக் கோப்புகளுக்கும் வரையறுத்தால் பழைய நடத்தை திரும்பும். உங்கள் நிரல் வேறொருவருடைய நிரலுக்குள் ப்ளகினாக ஏறி, எந்த எம்எஸ்விசிபி140 ஏறும் என்பது உங்கள் கையில் இல்லாதபோது மட்டும் இதைத் தொடுங்கள். உங்களுக்குத் தேவையில்லை.

#10 — பைட்பொறுக்கி

அட்மின் இல்லாதவர்களுக்குக் கோப்புகளைப் பக்கத்தில் வைப்பது தவறல்ல. எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதுதான் தவறு. விஷுவல் ஸ்டுடியோ நிறுவிய கோப்புறைக்குள் இப்படிப் போங்கள்:

விசி > ரீடிஸ்ட் > எம்எஸ்விசி > பதிப்பு எண் > எக்ஸ்64 > மைக்ரோசாஃப்ட்.விசி143.சிஆர்டி

அதற்குள் இருக்கும் எல்லா டிஎல்எல்களையும் எடுத்து எக்ஸி பக்கத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு பொறுக்கி எடுக்க வேண்டாம். எம்எஸ்விசிபி140_1, _2, கான்சிஆர்டி140 என்று வெளியார் நூலகம் எதைக் கேட்கும் என்று தெரியாது. ஓபன்எம்பி பயன்படுத்தினால் விகாம்ப்140 வேண்டும், அது பக்கத்துக் கோப்புறையான ஓபன்எம்பி-யில் இருக்கும். எம்எஃப்சி-க்கும் அப்படியே தனிக் கோப்புறை.

விலை ஒன்று உண்டு. ரீடிஸ்ட் வழியாகப் போட்டால் வேறொரு நிரல் புதிய ரீடிஸ்டைக் கொண்டுவரும்போது உங்கள் நிரலுக்கும் அந்தத் திருத்தம் சேரும். பக்கத்தில் வைத்தால் நீங்கள் அடுத்த வெளியீடு கொடுக்கும்வரை அதே பழைய கோப்புதான். விஷுவல் ஸ்டுடியோவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கோப்புகளையும் மாற்ற வேண்டும். கையால் செய்தால் மறப்பீர்கள், பில்ட் ஸ்கிரிப்டில் நகல் எடுக்கும் வரியாகப் போட்டுவிடுங்கள்.

#11 — நிரல்வண்டு

இவ்வளவு எதற்கு? ப்ராஜெக்ட் பண்புகளில் சி/சி++ > கோட் ஜெனரேஷன் > ரன்டைம் லைப்ரரி. “மல்டி-த்ரெடட் டிஎல்எல்” என்பதை “மல்டி-த்ரெடட்” ஆக்குங்கள். ரன்டைம் எக்ஸி-க்குள் போய்விடும். ரீடிஸ்டும் வேண்டாம், பக்கத்தில் வைப்பதும் வேண்டாம்.

(இரண்டு சுவிட்சுக்கும் தமிழில் எழுதினால் ‘எம்டி’ என்றே வரும். அதனால் முழுப் பெயர்.)

#12 — சுத்தியல்

ஒரே எக்ஸி, கூட எந்த டிஎல்எல்லும் இல்லை என்றால் அதுதான் நல்ல வழி, மறுக்கவில்லை. கீற்றுவிடம் வெளியார் டிஎல்எல் இருக்கிறது. அங்கே யோசிக்க வேண்டும்.

அந்த டிஎல்எல் “மல்டி-த்ரெடட் டிஎல்எல்” முறையில் உருவாகியிருந்தால் அது எப்படியும் விசிரன்டைம்140-ஐக் கேட்கும். எக்ஸியை மட்டும் மாற்றி என்ன பயன்? அதோடு ஒரே செயல்முறைக்குள் இரண்டு சிஆர்டி ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கோப்புக் கைப்பிடிப் பட்டியல், தனி லொகேல், தனி எர்ர்னோ. டிஎல்எல்லில் எஃப்ஓப்பன் செய்த சுட்டியை எக்ஸியில் எஃப்குளோஸ் செய்தால் விழும். எஸ்டிடி::ஸ்ட்ரிங் மாதிரி பொருள்களை எல்லை தாண்டி அனுப்புவதும், ஒரு பக்கம் ஒதுக்கிய நினைவகத்தை மறுபக்கம் விடுவிப்பதும் கூடாது. எல்லையில் வெறும் சி வகைகள் மட்டும் போய்வந்தால் பிழைக்கலாம்.

வெளியார் நூலகம் டிஎல்எல் அல்லாமல் .லிப் ஆக வந்தால் லிங்கரே தடுத்துவிடும்: எல்என்கே2038, ‘ரன்டைம்லைப்ரரி’ பொருந்தவில்லை என்று. அதை வாயடைக்க வழி தேடாதீர்கள். நூலகத்தை அதே முறையில் மறுபடி பில்ட் செய்யுங்கள். சிமேக் (பில்ட் கருவி) என்றால் 3.15 முதல் சிமேக்_எம்எஸ்விசி_ரன்டைம்_லைப்ரரி என்ற மாறி உண்டு. அதை எல்லா டார்கெட்டுக்கும் முன்னால், மேல்நிலைக் கோப்பிலேயே அமையுங்கள். சிமேக்_மினிமம்_ரிக்வயர்ட் 3.15-க்குக் கீழே இருந்தால் அந்த மாறி பேச்சு மூச்சில்லாமல் புறக்கணிக்கப்படும்.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. விசிரன்டைமையும் எம்எஸ்விசிபியையும் உள்ளே சேர்த்து, யுனிவர்சல் சிஆர்டியை மட்டும் வெளியே விடலாம். ரன்டைம் லைப்ரரி “மல்டி-த்ரெடட்”; லிங்கருக்குக் கூடுதலாக /நோடிஃபால்ட்லிப்:லிப்யுசிஆர்டி.லிப், /டிஃபால்ட்லிப்:யுசிஆர்டி.லிப் இரண்டும். விண்டோஸ் 10-க்கு மேல் மட்டும் போதுமென்றால் யுசிஆர்டி எப்போதும் அங்கே உண்டு, ரீடிஸ்ட் தேவைப்படாது. எக்ஸியும் அவ்வளவாகப் பெருக்காது. ஒரு எக்ஸி மட்டும் உள்ள கருவிகளுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

#13 — நிரல்வண்டு

எல்லை தாண்டும் ஸ்ட்ரிங் விஷயம் சரி. வெளியார் டிஎல்எல் இருப்பதைக் கவனிக்கவில்லை. இங்கே ரீடிஸ்ட் வழியே மேல்.

#14 — தூண்டில்

கேட்கும் பெயரின் கடைசியில் ‘டி’ இருந்தால் (எம்எஸ்விசிபி140டி, விசிரன்டைம்140டி, யுசிஆர்டிபேஸ்டி) எந்த ரீடிஸ்டும் உதவாது. டீபக் பில்டை (பிழை தேடுவதற்கான பில்ட்) கொடுத்துவிட்டீர்கள். அந்த டிஎல்எல்களை வெளியே கொடுக்க உரிமமும் இல்லை. ரிலீஸில் பில்ட் செய்து கொடுங்கள்.

#15 — ஊதுகுழல்

இதே இழையில் மிங்டபிள்யூ-வையும் (விண்டோஸுக்கான ஜிசிசி கம்பைலர்) கேட்கலாமா? ஜிசிசி-யில் கட்டிய எக்ஸி, லிப்ஜிசிசி_எஸ்_சே-1, லிப்எஸ்டிடிசி++-6, லிப்வின்பித்ரெட்-1 மூன்றையும் கேட்கிறது. -ஸ்டேடிக்-லிப்ஜிசிசி, -ஸ்டேடிக்-லிப்எஸ்டிடிசி++ இரண்டும் கொடுத்தும் கடைசி ஒன்று போக மாட்டேன் என்கிறது.

#16 — பைட்பொறுக்கி

அந்த இரண்டு சுவிட்சும் பித்ரெட்டைத் தொடாது. லிங்க் செய்யும் வரியில் வெறும் -ஸ்டேடிக் கொடுத்தால் மூன்றும் உள்ளே போகும். வேறு நூலகங்கள் டிஎல்எல் ஆகவே இருக்க வேண்டுமென்றால், -டபிள்யூஎல்,-பிஸ்டேடிக் போட்டு எஸ்டிடிசி++-ஐயும் பித்ரெட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்து, பின்னால் -டபிள்யூஎல்,-பிடைனமிக் போட்டுத் திருப்பிவிடுங்கள்.

டிஎல்எல் ஆகவே கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கட்டிய கம்பைலரின் பின் கோப்புறையிலிருந்து மட்டும் எடுங்கள். லிப்எஸ்டிடிசி++-6 என்ற ஒரே பெயரில் பல பதிப்புகள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. வேறு கருவிகள் தம் கோப்புறையைப் பாத்தில் சேர்த்து வைத்திருக்கும். “ப்ரொசீஜர் என்ட்ரி பாயின்ட் கிடைக்கவில்லை” என்று _இசட் எனத் தொடங்கும் நீளப் பெயரோடு பெட்டி வந்தால், கோப்பு கிடைத்தது, அது தவறான பதிப்பு என்று பொருள். உங்கள் பிரதி எக்ஸி பக்கத்தில் இருந்தால் பாத் வரை தேடல் போகாது. 32-பிட்டில் சே இருக்கும் இடத்தில் டிடபிள்யூ2 (ட்வார்ஃப்2) என்று வேறு பெயர் வரும், அதையும் மாற்றி வைக்காதீர்கள்.

#17 — ஊதுகுழல்

-ஸ்டேடிக் வேலை செய்தது. க்யூட்டி நூலகத்தில் எழுதிய இடைமுகமும் உண்டு, அதற்கு விண்டிப்ளாய்க்யூட்டி (க்யூட்டி கேட்கும் கோப்புகளைச் சேர்த்துத் தரும் கருவி) ஓட்டினால் போதும்தானே?

#18 — நிறுவி_ஆள்

பெருமளவு போதும். இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். க்யூட்டி ப்ளாட்ஃபார்ம் ப்ளகின் கிடைக்கவில்லை என்றால் எக்ஸி பக்கத்தில் ப்ளாட்ஃபார்ம்ஸ் என்ற துணைக் கோப்புறையும் அதற்குள் க்யூவிண்டோஸ்.டிஎல்எல்லும் இருக்கிறதா பாருங்கள். அந்த டிஎல்எல்லை எக்ஸி பக்கத்தில் வெளியே எடுத்து வைத்தால் எடுபடாது. க்யூட்டி_டீபக்_ப்ளகின்ஸ் என்ற சூழல் மாறியை 1 ஆக்கி ஓட்டினால் எங்கெங்கே தேடுகிறது என்று வரிவரியாகச் சொல்லும். க்யூஎம்எல் இருந்தால் --க்யூஎம்எல்டிர் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, எம்எஸ்விசி-யில் கட்டியவர்களுக்கு: விண்டிப்ளாய்க்யூட்டி ரன்டைம் டிஎல்எல்களை நகலெடுக்காது. விசி_ரீடிஸ்ட் நிறுவியைக் கொண்டுவந்து கோப்புறையில் போடும், அவ்வளவுதான். அதை யாரும் ஓட்டாமல் ஜிப் செய்து அனுப்பிவிட்டு “எல்லாம் உள்ளே இருக்கிறதே” என்பார்கள்.

#19 — பெங்குவின்காரன்

லினக்ஸ் பற்றியும் கொஞ்சம். இங்கே நோய் வேறு வடிவத்தில் வரும்:

“லிப்சி.எஸ்ஓ.6: ஜிலிப்சி_2.34 பதிப்பு கிடைக்கவில்லை”

ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) பின்னோக்கி மட்டும் பொருந்தும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், மறுதலை கிடையாது. 2.34 குறிப்பாகத் தொல்லை. அந்தப் பதிப்பில் லிப்பித்ரெட்டை லிப்சிக்குள் சேர்த்தார்கள், நிரலைத் தொடங்கிவைக்கும் குறியீட்டுக்கும் புதிய பதிப்பு எண் வந்தது. அதனால் 2.34 அல்லது அதற்கு மேல் உள்ள கணினியில் ஒரு வரி நிரல் கட்டினாலும் 2.33-இல் ஓடாது. உபுண்டு 20.04-இல் 2.31, 22.04-இல் 2.35, டெபியன் 11-இல் 2.31, 12-இல் 2.36, ரெட்ஹேட் 8-இல் 2.28, 9-இல் 2.34.

மருந்து: ஆதரிக்க வேண்டியவற்றில் மிகப் பழைய விநியோகத்தின் கன்டெய்னருக்குள் பில்ட் செய்வது. கட்டிய பிறகு ஆப்ஜ்டம்ப் --டைனமிக்-சிம்ஸ் ஓட்டி வெளிவருவதில் ஜிலிப்சி_ என்று தேடி, அதிகபட்ச எண் எது என்று பாருங்கள். லிப்சி.எஸ்ஓ.6-ஐ மட்டும் நிரலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். அது லோடரோடு இணைபிரியாத சோடி, ஒன்றை மட்டும் மாற்றினால் தொடக்கத்திலேயே விழும்.

மற்ற .எஸ்ஓ கோப்புகளை லிப் கோப்புறையில் வைத்து ஆர்பாத்தை (அவற்றைத் தேட நிரலுக்குள் எழுதிவைக்கும் பாதை) ‘$ஆரிஜின்/லிப்’ ஆக்குங்கள். ஒற்றை மேற்கோள் முக்கியம், இல்லையென்றால் டாலர் குறியை ஷெல் விழுங்கிவிடும். மேக்ஃபைலில் டாலரை இரண்டு முறை எழுத வேண்டும். கட்டிய பிறகு மாற்ற பேட்ச்எல்ஃப் போதும். ஒரு குழி: இன்றைய லிங்கர்கள் பலவற்றில் இது ரன்பாத் ஆகப் பதியும், அது எக்ஸி நேரடியாகக் கேட்பவற்றுக்கு மட்டும் செல்லும். லிப்ஏ கேட்கும் லிப்பி-க்கு எக்ஸியின் ரன்பாத் உதவாது. ஒவ்வொரு .எஸ்ஓ-வுக்கும் தனியாக $ஆரிஜின் வையுங்கள்.

கோப்பு கண்முன்னே இருந்தும் “அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை” என்று வந்தால், இல்லாதது உங்கள் நிரல் அல்ல, அது கேட்கும் லோடர் (நிரலை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கிவைப்பது). 64-பிட் மட்டும் உள்ள கணினியில் 32-பிட் நிரல், அல்லது முஸ்ல் (ஜிலிப்சிக்கு மாற்றான சி நூலகம்) உள்ள கணினியில் ஜிலிப்சி நிரல்.

#20 — தூண்டில்

விண்டோஸில் ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டுபவர்களுக்குப் பெட்டி வராது, குறை எண்தான் வரும்: -1073741515 என்றால் சி0000135, டிஎல்எல் இல்லை. -1073741511 என்றால் சி0000139, டிஎல்எல் உண்டு, அதற்குள் கேட்ட செயல்கூறு இல்லை. -1073741701 என்றால் மேலே பேசிய சி000007பி.

நிரல் ஓடும்போது லோட்லைப்ரரி மூலம் ஏற்றுபவை டம்ப்பின் பட்டியலில் வராது. அங்கே பிழை 126 வந்தால் நீங்கள் கேட்ட டிஎல்எல்தான் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது இருந்து, அது கேட்கும் இன்னொன்று இல்லாவிட்டாலும் அதே 126தான். ப்ராசஸ் மானிட்டரில் (நிரல் எந்தக் கோப்பைத் தேடுகிறது என்று காட்டும் கருவி) நிரலின் பெயர், பாதை “.டிஎல்எல்” என முடிபவை, விளைவு “நேம் நாட் ஃபவுண்ட்” என மூன்று வடிகட்டி வையுங்கள். ஒரே பெயரைப் பல கோப்புறைகளில் தேடித் தோற்பது வரிசையாகத் தெரியும். கடைசி வரை எங்கும் கிடைக்காத பெயர்தான் உங்களுக்கு வேண்டியது.

#21 — மெய்நிகர்

சோதிக்கும் கணினி உண்மையிலேயே வெறுமையானதா என்பதையும் பாருங்கள். மெய்நிகர் கணினியில் புதிதாக விண்டோஸ் ஏற்றி, எதுவும் நிறுவும் முன் ஸ்னாப்ஷாட். ஒவ்வொரு சோதனைக்கும் அதற்குத் திரும்புங்கள். தொடங்கும் முன் கட்டளைச் சாளரத்தில் “வேர் விசிரன்டைம்140.டிஎல்எல்” கேளுங்கள் (பவர்ஷெல்லில் வேர்.எக்ஸி என்று முழுசாக எழுத வேண்டும், வெறும் வேர் அங்கே வேறு கட்டளை). பாதை ஏதும் காட்டினால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. உலாவியோ விளையாட்டோ ஒன்று ஏற்கெனவே ரீடிஸ்டைக் கொண்டுவந்திருக்கும்.

#22 — கீற்று

14.29 கோப்புகளை எடுத்துவிட்டு விசி143.சிஆர்டி கோப்புறையிலிருந்து வைத்தோம், மூடிக்கொள்வது நின்றது. அட்மின் உள்ளவர்களுக்கு ரீடிஸ்டோடு நிறுவி, இல்லாதவர்களுக்கு இந்த ஜிப். நிறுவிக் கோப்புறைக்குள் ஜிப்பின் டிஎல்எல்கள் கலக்காதபடி பில்ட் ஸ்கிரிப்டில் இரண்டையும் பிரித்தாயிற்று.

ஒரே ஒரு கணினியில் மட்டும் வெளியார் டிஎல்எல் ஏறவில்லை, பிழை 126. ப்ராசஸ் மானிட்டரில் எங்கும் கிடைக்காத பெயர் எம்எஃப்பிளாட்.டிஎல்எல். இது எந்த ரீடிஸ்டில் வரும்?

#23 — தூண்டில்

எதிலும் வராது. அது மீடியா ஃபவுண்டேஷன், விண்டோஸின் சொந்தப் பாகம். அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸின் ‘என்’ பதிப்பா என்று பாருங்கள். பதிப்புப் பெயருக்குப் பின்னால் அந்த ஒற்றை ஆங்கில எழுத்து இருக்கும். அந்தப் பதிப்புகளில் ஊடகப் பாகங்களை எடுத்துவிட்டுத்தான் தருகிறார்கள். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்து, மறுதொடக்கம் செய்யச் சொல்லுங்கள். வேறு கணினியிலிருந்து நகலெடுத்து வைக்க வேண்டாம்.

#24 — கீற்று

‘என்’ பதிப்பேதான். பேக் போட்டதும் ஏறிவிட்டது. நிறுவியில் எம்எஃப்பிளாட் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துச் சொல்லும் ஒரு சோதனையும் சேர்த்தாயிற்று.